மார்பிளில் பொங்குவது அழுக்கு இல்லை

புது வீடு, புது மார்பிள் தரை, குடிபோகும் முன் சிமென்ட் கறை போகட்டும் என்று ஆசிட் ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள். பாலிஷ் போடக் கூப்பிட்டார்கள், போய்ப் பார்த்தால் ஹால் முழுக்கத் திட்டுத் திட்டாக மங்கிக் கிடக்கிறது. "நல்லாப் பொங்குச்சுங்க, அழுக்கு வெளியே வருதுன்னு நினைச்சோம்" என்கிறார்கள். எத்தனை வீட்டில்தான் இதே பதிலைக் கேட்பது!

பொங்கியது அழுக்கு இல்லை, உங்கள் மார்பிள். அது கால்சியம் கார்பனேட். ஆசிட் பட்டதும் கல் கரைந்து கார்பன் டை ஆக்சைடு நுரையாக வருகிறது. எலுமிச்சை, வினிகர் இயற்கையானவைதானே என்று கேட்பார்கள். அவையும் அமிலம்தான், கொஞ்சம் மெதுவாக அரிக்கும், அவ்வளவுதான். அப்படி மங்கிய இடம் கறையே இல்லை, கல்லின் மேற்பரப்பு போன இடம். எந்த லிக்விடும் அதை எடுக்காது, மெஷின் வைத்துத் தேய்த்துப் பாலிஷ் போட்டால்தான் உண்டு. கிரானைட் பெரும்பாலும் தாங்கும், ஆனால் இடுக்கில் இருப்பது சிமென்ட் கலவை என்றால் அதையும் ஆசிட் தின்றுவிடும்.

கழிவறையில் ஆசிட்டோடு பிளீச்சைச் சேர்த்து ஊற்றுபவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், வேண்டாம். குளோரின் வாயு கிளம்பும். அந்தச் சின்ன அறையில் உயிரே போகலாம்.

தினசரி துடைக்க நியூட்ரல் கிளீனர், அதாவது அமிலமும் காரமும் இல்லாத லிக்விட், சில சொட்டு போதும். அதற்கு முன் நன்றாகப் பெருக்குங்கள், மணல் கிடக்கும்போதே மாப் போடாதீர்கள். கடினத்தன்மை அளவுகோலில் மார்பிள் 3, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. கீறாமல் என்ன செய்யும்?

இன்னும் தரையே போடவில்லையா? சரி, மார்பிள் ஆசைப்பட்டால் சாம்பிள் துண்டில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள், அந்த மங்கலோடு வாழ முடியும் என்றால் மட்டும் சமையலறையில் போடுங்கள். அதிகச் சூட்டில் சுட்டு இறுக்கிய விட்ரிஃபைட் டைல்ஸ் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது, பராமரிப்பு குறைவு, ஆனால் குளியலறையில் மட்டும் பளபளப்பானது வேண்டவே வேண்டாம், வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். சொரசொரப்பானதாகக் கேட்டு வாங்குங்கள். மரம் போலத் தெரியும் லாமினேட் பலகை தண்ணீரில் ஊறினால் உப்பும், ஈரம் புழங்கும் இடத்துக்கு ஆகாது. அப்புறம், எந்த டைல்ஸ் போட்டாலும் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி வையுங்கள், பின்னால் ஒன்று உடைந்தால் அதே நிறம் கிடைப்பது கஷ்டம்.