வயிற்றில் அபூர்வக் கட்டியா? காப்பீட்டு அட்டையை இப்போதே எடுத்து வையுங்கள்

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் ஓர் அக்கா, ஆறு மாதமாகப் பாவாடை நாடா எட்டவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். கை கால் மெலிய, வயிறு மட்டும் பெருத்தது. கேஸ் என்று நினைத்து மாத்திரை வாங்கித் தின்றார். கடைசியில் சி.டி. ஸ்கேன் எடுத்தால், குடலுக்குப் பின்னால் முதுகை ஒட்டி ஒரு பெரிய கட்டி. சிகிச்சைக்கு வழி இருந்தது, கையில் அட்டைதான் இல்லை. அதற்காக அலைந்ததில் மூன்று வாரம் போயிற்று. இன்னொரு வீட்டில் அப்படி நடக்கக் கூடாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000 ரூபாயாக இருந்தது. அந்தப் பழைய கணக்கை வைத்து 'நமக்குக் கிடைக்காது' என்று இன்னமும் பலர் விட்டுவிடுகிறார்கள். முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. நோய் தெரிந்த பிறகு எடுத்தாலும் அட்டை செல்லும்.

கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார். இவற்றோடு நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் இருந்தால்தான் அட்டையில் பெயர் வரும். கல்யாணமாகி வந்த மருமகளின் பெயரை இன்னும் சேர்க்கவில்லை என்றால் முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

இனி கட்டிக்கு வருவோம். எல்லாக் கட்டிக்கும் ஒரே வழி கிடையாது. அந்த அக்காவுக்கு வந்ததைப் போல வயிற்றின் பின்புறம் வளரும் சார்கோமா (கொழுப்பு, தசை போன்ற திசுக்களில் வரும் புற்றுநோய்) வகைக்கு முதல் அறுவைதான் முக்கியம். அக்கம்பக்கத்தில் ஒட்டிய உறுப்போடு சேர்த்து முழுசாக எடுக்க வேண்டியிருக்கும். அரைகுறையாக எடுத்தால் திரும்ப வளரும், இரண்டாவது தடவை எடுப்பது இன்னும் கடினம். அதனால் இத்தகைய அறுவையைப் பலமுறை செய்த சர்ஜனிடம் போங்கள். இரைப்பையிலும் சிறுகுடலிலும் வரும் ஜிஸ்ட் (GIST) என்ற கட்டி வகைக்கு இமாட்டினிப் மாத்திரை உண்டு. சிலருக்கு முதலில் மாத்திரையால் கட்டியைச் சுருக்கி, அப்புறம் எடுப்பார்கள்.

சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியில் வரும் ஃபியோகுரோமோசைட்டோமா தனி ரகம். திடீர் திடீரென்று தலைவலி, வியர்வை, படபடப்பு, பிரஷர் எகிறுவது என்று காட்டும். இந்தச் சந்தேகம் இருந்தால் ரத்தம் அல்லது சிறுநீர்ச் சோதனை முடியும்முன் கட்டியில் ஊசி குத்தக் கூடாது, பிரஷர் ஆபத்தாக ஏறிவிடும். அறுவைக்கு முன் 10 முதல் 14 நாள் வரை பிரஷர் மாத்திரை கொடுத்துத் தயார் செய்வார்கள். 'ஆஸ்பத்திரியில் இழுத்தடிக்கிறார்கள்' என்று அந்த நாட்களில் நோயாளியை வீட்டுக்குக் கூட்டிப் போய்விடாதீர்கள். உயிரைக் காப்பதே அந்தக் காத்திருப்புதான்.

திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிக்குப் போனதும் காப்பீட்டு மேசையில் அட்டையைக் காட்டுங்கள். ஸ்கேன், பயாப்சி (கட்டித் துணுக்குச் சோதனை) ரிப்போர்ட்டுகளை அவர்களே அனுப்பி முன் அனுமதி வாங்குவார்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தொடங்கலாம், தேவைப்பட்டால் பெரிய மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போவது நம் மேற்குப் பக்கத்து வழக்கம். அங்கே இந்த அட்டை எடுபடுமா என்று சேருமுன் கேட்டுவிடுங்கள். திட்டத்தில் வரும் சிகிச்சைக்குக் கைப்பணம் கேட்டால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லலாம்.

இன்னொன்று. அறுவை முடிந்ததும் பயாப்சி ரிப்போர்ட்டோடு கட்டித் துணுக்கு வைத்த கண்ணாடிச் சிலைடுகளையும் மெழுகு பிளாக்குகளையும் கேட்டு வாங்கி வையுங்கள். அபூர்வக் கட்டியில் வேறொரு நிபுணர் பார்த்து வகையையே மாற்றிச் சொல்வதுண்டு. அதற்கு அந்தச் சின்ன மெழுகுத் துண்டு கையில் இருக்க வேண்டும்.