துங்ரோ நோயும் வைரஸின் சிறு ஆர்.என்.ஏ.க்களும்

நெற்பயிர் மஞ்சளித்து ஆரஞ்சு நிறத்துக்குத் திரும்பினால் பலரும் யூரியாவையோ துத்தநாக சல்பேட்டையோ தேடுகிறார்கள், அடுத்து பூஞ்சாணக்கொல்லி. வந்திருப்பது துங்ரோ என்ற வைரஸ் நோயாக இருந்தால் எல்லாமே வீண்செலவு. தழைச்சத்து கூடினால் நோயைப் பரப்பும் பச்சைத் தத்துப்பூச்சிக்குக் கொண்டாட்டம். வாட்ஸ்அப்பில் வரும் இலைப்படத்தை மட்டும் பார்த்து, இது சத்துக் குறைபாடா வைரஸா என்று நான் சொல்வதில்லை.

துங்ரோவை உண்டாக்குபவை இரண்டு வைரஸ்கள். பயிரைக் குட்டையாக்கி நிறம் மாற்றுவது டி.என்.ஏ. வைரஸ். கூட இருக்கும் ஆர்.என்.ஏ. வைரஸ் தனியாக வந்தால் அறிகுறியே சரியாகத் தெரியாது. ஆனால் அதன் துணையின்றித் தத்துப்பூச்சியால் முதலாவதைப் பரப்ப முடியாது.

பயிரும் எதிர்க்கத்தான் செய்கிறது. வைரஸின் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை டைசர் என்ற நொதி 21 முதல் 24 நியூக்ளியோடைடு (ஆர்.என்.ஏ. இழையின் ஒவ்வோர் அலகு) நீளமுள்ள துண்டுகளாக நறுக்குகிறது. இவையே சிறு ஆர்.என்.ஏ.க்கள். ஆர்கோநாட் புரதம் அத்துண்டை அடையாளமாக வைத்துக்கொண்டு, பொருந்தும் வைரஸ் ஆர்.என்.ஏ.வைத் தேடி வெட்டுகிறது. தாவரங்களில் இத்தகைய துண்டுகள் இருப்பதை 1999இல் ஆய்வாளர்கள் ஹாமில்டனும் பால்கோமும் காட்டினார்கள்.

டி.என்.ஏ. வைரஸின் தந்திரம் இங்கேதான் தெரிகிறது. நோயுற்ற நெல்லில் கிடைக்கும் அதன் துண்டுகளில் பெரும்பகுதி, புரதம் எதையும் உருவாக்காத ஒரு குறுகிய பகுதியிலிருந்தே வருகிறது. மற்ற பகுதிகளைக் காக்க வைரஸ் நீட்டும் இரை அது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. போதாததற்கு, எதிர்ப்புச் செய்தி செல்லுக்குச் செல் பரவுவதை வைரஸின் பி4 புரதம் தடுக்கிறது. ஆகவே ஆய்வக அறிக்கையில் துண்டுகள் குவிந்திருப்பதைப் பார்த்து, பயிர் வென்றுவிட்டது என்று மகிழ வேண்டாம். தொற்று இருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சான்று.

சான்று என்ற அளவில் அது வலுவானது. ஒன்றன்மேல் ஒன்று படியும் துண்டுகளைக் கணினியில் கோத்தால், முன்கூட்டிச் சந்தேகிக்காத வைரஸின் மரபணுத்தொகுதிகூட வெளிப்படும். 2009இல் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் இப்படிச் செய்து காட்டினார்கள். புதிய நோய் தலைகாட்டும்போது ஆய்வகத்துக்கு இது பெரிய உதவி. நாற்றங்காலில் நிற்கும் விவசாயிக்கு அவ்வளவு செலவும் காத்திருப்பும் கட்டுப்படியாகாது. அவருக்கு அயோடின் சோதனை போதும்: காலை 6 மணிக்கு முன் பறித்த இலையின் நுனி 10 செ.மீ. பகுதியை அயோடின் கரைசலில் 15 நிமிடம் வைத்தால், துங்ரோ கண்ட இலையில் கருநீலக் கோடுகள் தெரியும். உறுதி செய்ய, வைரஸின் மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனை இருக்கிறது.

விதை வழியாக இந்நோய் பரவாது. விதைநெல்லைக் கொட்டிவிட வேண்டாம். அறுவடை முடிந்ததும் தாள்களை உழுது மடக்குங்கள். மறுதாம்பு துளிர்த்து நின்றால், அடுத்த நாற்றங்காலுக்கு வைரஸ் அங்கிருந்தே கிளம்பும்.