ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) டெக்னாலஜியில் சேரும் முன்

மயக்கம் கொடுக்க உதவும் வாயுவான நைட்ரஸ் ஆக்சைடின் சிலிண்டர் நிறைந்திருந்தால் அழுத்தம் காட்டும் கேஜ் 745 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) காட்டும். பாதி தீர்ந்த பிறகும் ஏறக்குறைய அதையேதான் காட்டும். உள்ளே திரவமாக இருப்பது ஆவியாகி ஆவியாகி அழுத்தத்தை ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். திரவம் முழுக்கத் தீர்ந்த பிறகுதான் முள் விறுவிறுவென இறங்கும். ஆக்சிஜன் சிலிண்டரில் திரவம் கிடையாது. அதில் 2000 என்பது 1000 ஆனால் பாதி காலி என்று நம்பலாம். இரண்டும் ஒரே அனஸ்தீசியா (மயக்க மருந்து) மெஷினில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கும். நைட்ரஸ் எவ்வளவு மிச்சம் என்று தெரிய சிலிண்டரை எடை போடத்தான் வேண்டும்.

இயற்பியல் தொல்லை இல்லாத மருத்துவப் படிப்பு என்று எண்ணி பி.எஸ்சி. ஆபரேஷன் தியேட்டர் அண்ட் அனஸ்தீசியா டெக்னாலஜியில் சேருகிறவர்கள் திணறுவது இந்த இடத்தில்தான். வாயு விதிகள், அழுத்தம், மின்னோட்டம், நீராவி: தியேட்டருக்குள் தினமும் கையாளுவது இவற்றைத்தான். கத்தியும் ரத்தமும் சில வாரங்களில் பழகிவிடும்.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இது மூன்றாண்டுப் படிப்பு, அதற்குமேல் ஓராண்டு இன்டர்ன்ஷிப். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். பெயரில் தியேட்டர் முதலில் வந்தாலும் படிப்பின் கனமான பாதி அனஸ்தீசியாதான்.

காலையில் முதல் நோயாளி மேசைக்கு வருமுன் மெஷினைச் சோதித்து முடித்திருக்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது மெஷினை அல்ல, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை. மெஷின் முழுவதும் நின்றுபோனாலும் ஆம்பு பையும் தனி ஆக்சிஜன் சிலிண்டரும் இருந்தால் நோயாளிக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருக்கலாம். அடுத்து சிலிண்டர்கள். மெஷினில் உள்ள ஊசிகள் (pin) சிலிண்டர் வால்வின் துளைகளில் பொருந்த வேண்டும்: ஆக்சிஜனுக்கு அவற்றின் இடங்கள் 2, 5; நைட்ரஸுக்கு 3, 5. மாற்றி மாட்ட முடியாதபடி செய்த ஏற்பாடு இது. ஆனால் பழைய வாஷரை எடுக்காமல் அதன்மேல் இன்னொன்றைப் போட்டால் இடைவெளி கூடி, தவறான சிலிண்டரும் உட்கார்ந்துவிடலாம். பிறகு கசிவுச் சோதனை: மிகை அழுத்தத்தை வெளியேற்றும் ஏ.பி.எல். வால்வை மூடி, நோயாளிப் பக்கத்து முனையான ஒய்-பீஸை அடைத்து, மூச்சுக் குழாய்களின் சுற்றான சர்க்யூட்டை 30 செ.மீ. நீர் அழுத்தத்துக்கு நிரப்பி, பத்து விநாடி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் பெரும்பாலும் குற்றவாளி, வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் டப்பாதான். விளிம்பில் ஒரு துகள் ஒட்டியிருந்தாலே மூடி சரியாக உட்காராது.

அந்தச் சோடா லைமைப் பற்றி ஒன்று. சில தயாரிப்புகள் தீரும்போது வெள்ளையிலிருந்து ஊதாவாகும், சில இளஞ்சிவப்பிலிருந்து வெள்ளையாகும். டப்பாவில் இருப்பது எது என்று தெரியாமல் நிறத்தைப் பார்த்துப் பயனில்லை. ஊதாவானதுகூட இரவெல்லாம் சும்மா கிடந்தால் மறுபடி வெளுத்துவிடும். காலையில் பார்த்தால் புதிதுபோல இருக்கும். மூச்சுவாயுவை அளக்கும் கேப்னோகிராஃபில் உள்மூச்சின் கார்பன் டை ஆக்சைடு சுழியத்துக்கு இறங்காமல் நின்றால் அதுதான் நம்பகமான அறிகுறி.

தொண்டையைப் பார்க்கும் லாரிஞ்சோஸ்கோப்பின் பல்பு, சளி, ரத்தம் உறிஞ்சும் சக்ஷன், மூச்சுக்குழாயில் போடும் டியூபின் அளவுகள் எல்லாம் இதோடு சேர்ந்தவை. குழந்தைக்கு வயதை நான்கால் வகுத்து நான்கைக் கூட்டினால் கஃப் (ஊதிப் பெருக்கும் வளையம்) இல்லாத டியூபின் அளவு, மில்லிமீட்டரில். நான்கு வயதுக்கு 5. மேசையில் 4.5-ம் 5.5-ம் கூடவே இருக்க வேண்டும்.

மயக்க மருந்து கொடுப்பது டெக்னீஷியன் வேலையல்ல; அது மயக்க மருத்துவரின் பொறுப்பு. "கொஞ்ச நேரம் பார்த்துக்கோ தம்பி" என்று நோயாளியை ஒப்படைத்துவிட்டு அடுத்த தியேட்டருக்குப் போகும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. திறமைக்குக் கிடைத்த அங்கீகாரம் என்று இதை நினைக்க வேண்டாம். ஏதாவது நேர்ந்தால் டெக்னீஷியனுக்குப் பின்னால் நிற்கச் சட்டம் இல்லை.

தியேட்டர் பாதியில் தவறுகள் சத்தமில்லாமல் நடக்கும். நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 நிமிடம், 134-இல் 3 நிமிடம் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். துணிகள் வைக்கும் டிரம்மை அடைத்துத் திணித்தால் நடுவில் காற்று சிக்கி நீராவி அங்கே போகாது என்பது மறந்துபோகும். வெளியே ஒட்டிய டேப் கறுத்திருப்பது பொட்டலம் சூட்டைக் கண்டது என்பதற்கு மட்டும்தான் சான்று. உள்ளே வைத்த இண்டிகேட்டரைப் பார்க்க வேண்டும்; காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் ஆட்டோகிளேவாக இருந்தால் தினமும் முதலில் போவி-டிக் சோதனை (காற்று வெளியேறி நீராவி உள்ளே ஊடுருவுகிறதா என்று பார்ப்பது).

காட்டரி, மின்சாரத்தால் திசுவை வெட்டி ரத்தத்தை நிறுத்தும் கருவி. மின்னோட்டம் திரும்பிப் போகும் அதன் பிளேட்டைத் தொடை, பிட்டம் போன்ற சதைப்பிடிப்பான இடத்தில், ஈரமும் முடியும் இல்லாமல், முழுப் பரப்பும் ஒட்டும்படி வைக்க வேண்டும். ஓரம் தூக்கிக்கொண்டால் அத்தனை மின்னோட்டமும் ஒட்டிய சிறு இடத்தின் வழியே போய்த் தோலைச் சுட்டுவிடும். மயங்கிக் கிடப்பவர் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார். ஸ்பிரிட் கலந்த மருந்தால் துடைத்திருந்தால் அது காயும்வரை காட்டரியைத் தொடவே கூடாது.

ரத்தம் ஒற்றும் துணிகளான மாப், காஸ் ஆகியவற்றின் எண்ணிக்கை அறுவை தொடங்குமுன் ஒருமுறை, வயிற்றுக்குழியை மூடுமுன் ஒருமுறை, தோலைத் தைக்குமுன் ஒருமுறை. பத்து இருக்க வேண்டிய கட்டைப் பிரிக்கும்போதே ஒன்பதோ பதினொன்றோ இருந்தால், கூட்டிக் கழித்துச் சரிசெய்ய முயல வேண்டாம். நோயாளி உள்ளே வருமுன் அந்தக் கட்டையே தியேட்டரைவிட்டு வெளியே அனுப்பிவிடுவது நல்லது.

கல்லூரி தேடும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். இணைந்த மருத்துவமனையில் எத்தனை தியேட்டர் ஓடுகிறது, இதயம், நரம்பு, குழந்தை அறுவை சிகிச்சைகள் நடக்கின்றனவா, ஒரு தியேட்டரில் எத்தனை மாணவர்கள் நிற்கிறார்கள், இன்டர்ன்ஷிப் எங்கே, உதவித்தொகை உண்டா என்று கேளுங்கள். கல்லூரியின் பெயர் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஓராண்டில் டெக்னீஷியன், நூறு சதவீத வேலை என்று பேருந்து நிலையத்துச் சுவரில் ஒட்டியிருப்பது பட்டம் அல்ல. இந்தத் துறை இப்போது 2021-ஆம் ஆண்டின் தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்துக்குள் வருகிறது. பதிவு என்று வரும்போது அங்கீகாரமில்லாத சான்றிதழ் கை கொடுக்காது.

சேர்ந்த உடனே தொடங்க வேண்டியது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. தியேட்டர் போஸ்டிங் தொடங்குமுன் இரண்டாவது போட்டிருந்தால் நல்லது. மூன்றாவது போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளான ஆன்டி-ஹெச்.பி.எஸ். அளவைச் சோதித்து, மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டுக்கு (mIU/mL) மேல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று ஊசி போட்ட எல்லோருக்கும் எதிர்ப்பு உருவாகிவிடுவதில்லை.