ஈரச் சுவரில் ஓர் உலகப்படம்

ஒர்டேலியஸ் என்ற வரைபடக்காரர் 1570இல் அச்சிட்ட உலகப்படத்தின் பிரதி ஒன்றை, இலங்கை மலையகத்தில் அட்டன் வீட்டின் முன்னறையில் மாட்டியிருந்தேன். ஓரமெல்லாம் மேகம் சுருண்டிருக்க, தெற்கே இல்லாத பெருங்கண்டம் ஒன்று பரந்து கிடக்கும் அழகான படம். வைகாசியில் மாட்டியது. ஆவணிக்குள் தாள் அலை அலையாக எழும்பிவிட்டது. பின்னட்டையைக் கழற்றினால் உள்ளே பூஞ்சணம். கூரை ஒழுகவில்லை, சுவரிலும் மழை இறங்கவில்லை. அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

காற்றிலிருந்துதான். 20 பாகை செல்சியஸில் ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 பாகையில் 9 கிராம் அளவுதான். அடுப்பு எரிந்து, சோறு கொதித்து, கொடியில் ஈரத்துணியும் தொங்கும் வீட்டில் நீராவிக்குக் குறைவில்லை. இரவில் கருங்கல் வெளிச்சுவர் குளிரும்போது அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. தாங்க முடியாத மிச்சம் சுவரில் நீராகப் படிகிறது. விடியற்காலையில் ஜன்னல் கண்ணாடி வியர்ப்பதும் இப்படித்தான். பிரேமுக்குப் பின்னால் நிலைமை இன்னும் மோசம். அறையின் சூடு அந்த இடத்துக்குப் போகாமல் பிரேமே மறைத்துவிடுகிறது, காற்றும் ஓடுவதில்லை. ஈரப்பதன் 70 வீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் முளைக்க அதுவே போதும். தாளும் பசையும் அதற்குச் சாப்பாடு.

சரி, தாள் ஏன் அலையாக எழும்புகிறது? தாள் என்பது மரநார்களின் பின்னல். நார் ஈரத்தைக் குடித்தால் நீளவாட்டில் அதிகம் நீளாது, குறுக்கேதான் பருக்கும். இயந்திரத்தில் செய்த தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருப்பதால், தாள் ஒரு திசையில்தான் அதிகம் விரிகிறது. நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டியிருந்தால் விரிந்த தாளுக்குப் போக்கிடம் இல்லை, நடுவில் எழும்புகிறது. என் படத்தில் நடந்தது இதுதான்.

கண்ணாடியோடு ஒட்டிப்போன பழைய கல்யாணப் போட்டோக்களை நம் வீடுகளில் எல்லோரும் பார்த்திருப்போம். போட்டோவின் மேலிருக்கும் ஜெலட்டின் ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. பளபளப்புத் தாளில் அச்சிட்ட வரைபடத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. பிரேம் போடும்போது ஓரத்தைச் சுற்றி வைக்கும் தடித்த மவுண்ட் அட்டையை அழகுக்கு என்று நினைக்கிறோம். அதன் முக்கியமான வேலை, தாளைக் கண்ணாடியில் படாமல் தள்ளி வைப்பது.

அடுத்தது வெளிச்சம். பனிமூட்ட ஊர்தானே என்று இதில் ஏமாந்துவிடக் கூடாது. 1,000 மீற்றர் ஏறினால் புற ஊதாக்கதிர் சுமார் 10 வீதம் கூடும். நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. மேகமும் சாதாரணக் கண்ணாடியும் அதை முழுதாகத் தடுப்பதில்லை. மலிவான பிரிண்டர்களில் வரும் கரையும் சாய மை இந்த வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறும், ஈரத்தில் பரவவும் செய்யும். நிறமித் துகள் மை வெகுகாலம் நிற்கும். பிரதி வாங்கும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட அசல் படங்களின் கறுப்பு மையில் இருந்தது கரி, கரி வெளிறுவதில்லை. ஆனால் அவற்றில் கையால் தீட்டிய செம்புக் களிம்புப் பச்சை, காலம் போகப் போகத் தாளையே பழுப்பாக்கி அரித்துவிடும்.

அமெரிக்கா என்ற பெயரை முதன்முதலில் தாங்கிய 1507ஆம் ஆண்டு வால்ட்சேமுல்லர் வரைபடத்தில் எஞ்சியது ஒரே ஒரு பிரதி. வாஷிங்டனின் காங்கிரஸ் நூலகத்தில் அதை ஆர்கன் வாயு நிரப்பிய பெட்டிக்குள் மூடி வைத்திருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். பிரேமின் பின்மூலைகளில் பழைய ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய நான்கு துண்டுகளை ஒட்டினால், சுவருக்கும் படத்துக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி கிடைக்கும், காற்று ஓடும். தாளை மேல் ஓரத்தில் இரண்டு இடங்களில் மட்டும் பிடித்துத் தொங்கவிட வேண்டும். வெளிச்சுவரும் வேண்டாம், குசினிச் சுவரும் வேண்டாம். என் புதுப் பிரதி இப்போது இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் இருக்கிறது. மாசியில் நல்ல வெயில் அடிக்கும் நாளில் அதை இறக்கி, பின்னட்டையைத் திறந்து, நிழலில் அரைநாள் ஆறவிடுகிறேன்.