இடக்கைப் பழக்கமா, இடக்கை வாகா? – சொல் விளக்கம்

திருத்தணியைத் தாண்டி நகரி, புத்தூர் பக்கம் போனால், இடக்கையை நீட்டும் தமிழ்ப் பிள்ளைக்கு இரண்டு மொழியில் அதட்டு விழும். வீட்டில் பாட்டி, "அந்தக் கை இல்லடா கண்ணு, சோத்தாங்கையில வாங்கு" என்பார். தெருமுனைக் கடையில், "ஆ செய்யி காது, குடி சேத்தோ தீசுகோ" என்பார்கள். இரண்டும் ஒரே பேச்சுதான். ஆனால் அந்தப் பிள்ளையின் தன்மைக்கு என்ன பெயர் என்று கேட்டால் மொழிகள் பிரிந்துவிடுகின்றன. தமிழில் 'இடக்கைப் பழக்கம்' என்கிறோம். தெலுங்கில் 'எடம சேத்தி வாட்டம்' என்கிறார்கள். பெற்றோர் இதைத் தடுக்கலாமா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இந்த இரண்டு சொற்களுக்குள்ளேயே இருக்கிறது.

பழக்கம் என்பது பழகு என்ற வினையிலிருந்து வருவது. திரும்பத் திரும்பச் செய்து ஒட்டிக்கொண்ட ஒன்று. விரல் சூப்புவது பழக்கம், நகம் கடிப்பது பழக்கம், வெற்றிலை போடுவது பழக்கம். பழகியதை விடவும் வைக்கலாம் என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. 'இடக்கைப் பழக்கம்' என்று காதில் விழுந்ததுமே, 'சின்ன வயசிலேயே மாத்திடணும்' என்று தாய்க்குத் தோன்றுவது அதனால்தான். தவறு தாயிடம் இல்லை. பெயர்தான் வழி காட்டிவிட்டது.

வாட்டம் அப்படிப்பட்ட சொல் அல்ல. கொத்தனாரிடம் கேட்டால் தெரியும். குளியலறைக்குத் தரை போடும்போது பத்தடிக்கு ஒன்றரை, இரண்டு அங்குலம் சரித்து, தண்ணீர் வடிகாலைப் பார்த்து ஓடும்படி 'வாட்டம்' கொடுப்பார். வாட்டம் தப்பினால், துடைப்பத்தால் எத்தனை முறை தள்ளினாலும் தண்ணீர் மூலைக்கே திரும்பி வந்து நிற்கும். பேச்சில் "இந்தப் பக்கம் நின்னாதான் கைக்கு வாட்டமா இருக்கு" என்பதும் நமக்குப் பழகிய தமிழ்தான். சரிவு, இணக்கம், இயல்பாகச் சாயும் பக்கம் எல்லாமே இந்தச் சொல்லில் உண்டு. தெலுங்கு வாட்டமும் தமிழ் வாட்டமும் ஒரே சொல் என்பது கேட்ட மாத்திரத்தில் புரியும். ஒரு குழந்தையின் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது.

உடல் சொல்வதும் இதையேதான். பத்தில் ஒருவர் இடக்கையர். கருவிலேயே பெரும்பாலான சிசுக்கள் ஒரு கட்டைவிரலையே விரும்பிச் சூப்புவதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். அப்போது எந்தத் திண்ணை, எந்தப் பாட்டி, எந்தப் பழக்கம்? பிறந்த பிறகு ஒன்றரை, இரண்டு வயதில் சாய்வு தென்படும். மூன்று, நான்கு வயதில் பெரும்பாலும் நிலைக்கும். சிலருக்கு ஐந்து, ஆறு வரை ஆகும். மரபுக்கு இதில் பங்குண்டு, ஆனால் முழுப் பங்கு இல்லை. தாய் தகப்பன் இருவருமே இடக்கையரானாலும் பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றுதான் இடக்கைக்குப் போகிறது. 'எங்க வம்சத்துலயே யாருக்கும் இல்லையே' என்று குழம்ப வேண்டியதில்லை.

இனி வேரைப் பார்க்கலாம். தமிழில் வலம் என்றால் வலப்பக்கம், வலிமையும் வெற்றியும்கூட. வலம் வருதல், வலங்கொள்ளுதல் எல்லாம் அந்த மதிப்பில் வந்தவை. இந்த எல்லைப் பகுதிக்கே உரிய காளத்தியில் கண்ணப்பருக்கு இறைவன் கொடுத்த இடமும் தம் வலப்பக்கம்தான். இடம் என்ற சொல்லில் இகழ்ச்சி ஒன்றும் இல்லை. இடப்பக்கமும் இடம்தான், உட்காரும் இடமும் இடம்தான். உமை இருப்பதும் இடப்பாகத்தில். ஆங்கிலத்தில் இடப்பக்கத்தைக் குறிக்கும் லெஃப்ட் என்ற சொல்லுக்குப் பழைய பொருள் 'பலவீனம்'. லத்தீனில் இடப்பக்கத்துக்கான சினிஸ்டர் என்ற சொல் பின்னால் 'கேடு' என்ற பொருளுக்கே போய்விட்டது. தமிழ் வலத்தை உயர்த்தியது உண்மை, ஆனால் இடத்துக்கு அப்படி ஒரு வசை வைக்கவில்லை.

வலமும் இடமும் பார்க்கிறவர் நிற்கும் நிலையைப் பொறுத்தவை என்பதற்குச் சங்கே சாட்சி. நாம் அரிதென்று போற்றும் வலம்புரியை உயிரியலார் இடம்புரி என்பார்கள். நாம் பிடிப்பதற்குத் தலைகீழாக, சுருளின் உச்சி மேலே இருக்கும்படி பிடித்துப் பார்ப்பது அவர்கள் முறை.

வசை வந்தது தெருப் பெயர்களில். நொட்டாங்கை, ஒரட்டாங்கை, பீச்சாங்கை என்று ஊருக்கு ஊர் மாறும். பீச்சாங்கையில் மலம் கழுவுவது நேராகவே காதில் விழுகிறது. அதற்கு எதிர்ச்சொல் சோற்றாங்கை. தெலுங்கில் வலப்பக்கத்துக்கு 'குடி' என்பதையும், உண்ணுவதைக் குறிக்கும் 'குடுசு' என்ற வினையோடு சேர்த்துச் சோற்றுக்கை என்றே பொருள் கொள்வதுண்டு. ஆக, இரண்டு மொழியிலும் கையின் பெயர் தொழிலை வைத்து வந்தது. ஒரு கை உண்ண, ஒரு கை கழுவ. தண்ணீரும் சோப்பும் அரிதாக இருந்த காலத்தில் அது நல்ல சுகாதார விதி. பெரியவர்களுக்கு அது கைக்கு இட்ட பெயர். பிள்ளைக்கோ அது தனக்கு இட்ட பெயராகவே படும். நாலு வயசுப் பிள்ளையைப் பீச்சாங்கை என்று கூப்பிடுவதை முதலில் நிறுத்த வேண்டும். தெலுங்கில் 'புர்ர செய்யி' என்று கேலி செய்வதற்கும் இதே கணக்குதான்.

இந்த ஊர் உழவர்களுக்கு இன்னொரு சோடிச் சொல்லும் தெரியும். ஏரில் இடத்து மாடு, வலத்து மாடு. தெலுங்கில் தாப்பட்டி எத்து, வலப்பட்டி எத்து. ஒரு பக்கத்துக்குப் பழக்கிய மாட்டை மறுபக்கம் பூட்டினால் சால் கோணும், நுகத்தடியில் இழுபறியாகும். அங்கே அது உண்மையாகவே பழக்கம், மனிதன் பழக்கியது. பிள்ளையின் கை அப்படி யாரும் பழக்கி வந்ததில்லை.

சரி, தடுக்கலாமா? எழுதும் கையை, வரையும் கையை, எறியும் கையைத் தடுக்கக் கூடாது. வலக்கைக்கு மாற்றப்பட்ட இடக்கையர்கள் வளர்ந்த பிறகும், எழுதும்போது அவர்களின் மூளையின் வலப்பாதி கூடுதலாக ஈடுபடுவதைப் படமெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கை மாறினாலும் சாய்வு மாறவில்லை. கண்ணில் படும் விளைவுகள் இன்னும் எளிமையானவை. எழுத்து மெதுவாகும், கோணும், கை சீக்கிரம் வலிக்கும், பிள்ளை எழுதவே சுணங்கும். எழுத்தை வடிவமைக்கப் போக வேண்டிய கவனம் 'எந்தக் கை' என்பதிலேயே செலவாகிவிடும். கையை மாற்றினால் திக்குவாய் வரும் என்று நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். அது உறுதியான முடிவு அல்ல, அந்தப் பயத்தைக் காட்டி யாரையும் மிரட்டத் தேவையில்லை. அடியும் அவமானமும் பிள்ளையைப் பேசவிடாமல் ஒடுக்கும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டாம்.

சாய்வைக் கண்டுபிடிக்க, பொருளை நடு நெஞ்சுக்கு நேராக, இரண்டு கைக்கும் சம தூரத்தில் வையுங்கள். கரண்டி, பந்து, கிரேயான், சீப்பு, திறக்க வேண்டிய டப்பா மூடி. ஒரு வாரம் தள்ளித் தள்ளிப் பாருங்கள். எந்தக் கை எடுத்தது என்று குறித்துக்கொண்டால் போதும், பிள்ளையிடம் சொல்லிச் செய்ய வைக்காதீர்கள்.

உண்மையான தொல்லை எழுத்தில்தான் வரும், அதற்குக் காரணம் கையல்ல, திசை. தமிழும் தெலுங்கும் இடமிருந்து வலம் போகின்றன. வலக்கை எழுதியதை விட்டு விலகிப் போகும். இடக்கை எழுதியதன் மேலேயே ஊர்ந்து வரும். சிலேட்டில் 'அம்மா' எழுதி முடிக்கும்போது உள்ளங்கையின் ஓரம் 'அ'வை அழித்திருக்கும். பார்க்கிறவர்கள் 'எழுதவே இல்லை' என்பார்கள். இன்னொன்று, 'ட', 'ப' போன்றவற்றின் அடிக்கோட்டை வலக்கை இழுக்கிறது, இடக்கை தள்ளுகிறது. தள்ளப்படும் பென்சில் முனை தாளைக் குத்தும், கிழிக்கும், ஒடியும். அதனால் பிள்ளை மணிக்கட்டைக் கொக்கி போல் வளைத்து, வரிக்கு மேலிருந்து எழுதப் பார்க்கும். எழுதியது தெரிய வேண்டும், அழியக் கூடாது என்று தானே கண்டுபிடித்த வழி அது. ஆனால் அந்தப் பிடி நிலைத்துவிட்டால் மணிக்கட்டு வலி கூடவே வரும்.

மாற்று எளிது. நோட்டை உடம்பின் நடுவிலிருந்து சற்று இடப்பக்கம் தள்ளி வையுங்கள். நோட்டின் மேல்பக்கம் வலப்புறம் சாயும்படி 30 டிகிரி அளவுக்குத் திருப்புங்கள். (வலக்கைப் பிள்ளைக்குத் திருப்புவதற்கு நேர் எதிர்.) பென்சிலை முனையிலிருந்து 3 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப் பிடிக்கட்டும், அப்போதுதான் எழுத்து கண்ணில் படும். கை வரிக்குக் கீழே இருக்க வேண்டும். ஹெச்பி பென்சிலை விட 2பி வழுக்கிப் போகும், குத்தாது. பேனாவுக்கு வரும்போது ஜெல் பேனா வேண்டாம், மை காயும் முன் கை அதை இழுத்துக்கொண்டு போகும். சீக்கிரம் காயும் பால்பாயின்ட் நல்லது. விளக்கு வலப்பக்கத்திலிருந்து வரட்டும், இல்லையென்றால் தன் கை நிழலிலேயே எழுத வேண்டிவரும்.

காப்பிநோட்டு விஷயம் பலர் கண்ணில் படுவதே இல்லை. மாதிரி எழுத்து வரியின் இடது ஓரத்தில் அச்சாகியிருக்கும். இடக்கைப் பிள்ளை எழுதக் கை வைத்ததும் மாதிரி மறைந்துபோகும். அது நினைவிலிருந்து எழுதிக்கொண்டிருக்க, ஆசிரியர் 'பார்த்து எழுதத் தெரியல' என்று வட்டம் போடுவார். வலது ஓரத்தில் இன்னொரு முறை அந்த எழுத்தை நீங்களே எழுதிவிடுங்கள். இதற்கு அரை நிமிடம் ஆகும்.

எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி எழுதுவது எல்லாச் சின்னப் பிள்ளைகளிடமும் உண்டு. ஆறு, ஏழு வயதுக்குள் பெரும்பாலும் தானே சரியாகும். இடது ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி வைத்து 'இங்கிருந்து புறப்படு' என்று காட்டினால் போதும்.

கத்தரிக்கோல் மட்டும் தனியாக வாங்க வேண்டும். சாதாரணக் கத்தரியில் அலகுகள் வலக்கைக்காகக் கோத்தவை. வலக்கை விரல்கள் அழுத்தினால் அலகுகள் நெருங்கும், இடக்கையில் அதே அழுத்தம் அவற்றை விலக்கும். காகிதம் வெட்டுப்படாமல் நடுவில் மடிந்து மாட்டிக்கொள்ளும், வெட்ட வேண்டிய கோடும் மேலலகில் மறையும். தலைகீழாகப் பிடித்தாலும் பயனில்லை, அலகுகளின் அமைப்பு மாறாது. இடக்கைக் கத்தரி என்று கேட்டு வாங்குங்கள். ஷூ கயிறு, பூக் கட்டுவது, கோலம் இதெல்லாம் சொல்லித்தரும்போது பக்கத்தில் உட்காராமல் எதிரே உட்காருங்கள். கண்ணாடி போல உங்கள் வலக்கையை அதன் இடக்கை பின்பற்றும்.

சாப்பாடும் கோயிலும்தான் வீட்டில் சண்டை வரும் இடங்கள். பிரசாதம் வாங்குவது, பெரியவர்களுக்குக் கொடுப்பது இவை மரியாதைகள். வாசலில் செருப்பைக் கழற்றுவது போல இவற்றைச் சொல்லிக் கொடுக்கலாம். வலக்கைக்குக் கீழே இடக்கையைத் தாங்கி இரண்டு கையும் நீட்டினால் எந்தப் பிள்ளைக்கும் அது வரும். அட்சராப்பியாசத்தில் அரிசியில் வலக்கை விரலால் ஓர் எழுத்து எழுதவைப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது. மறுநாள் சிலேட்டிலும் அதே கைதான் என்று பிடிவாதம் பிடிப்பதுதான் கெடுக்கும். சாப்பிடுவதில், பிள்ளை தானாக வலக்கைக்கு வந்தால் வரட்டும். வராவிட்டால் உண்ணும் கை இது, கழுவும் கை அது என்று தெளிவாகப் பிரித்துக்கொடுத்து, சோப்பு போட்டு 20 விநாடி இரண்டு கையும் கழுவ வையுங்கள்.

மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரங்கள் இரண்டு. ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி, மற்றதை மூடியோ மடக்கியோ வைத்திருந்தால், அது சாய்வாக இராமல் மறுகையின் பலவீனமாக இருக்கலாம். வலக்கை மட்டும் ஓடினாலும் இதே கவனம் வேண்டும். மற்றொன்று, நிலைத்த கையைப் பிள்ளை திடீரென்று கைவிடுவது.

கடைசியாக எழுத்துக்கு எந்தச் சொல்? வாட்டம் பேச்சுக்கு அருமை. எழுத்தில் முகவாட்டம், பயிர்வாட்டம் என்று வாடுவதும் குறுக்கே வரும். தெலுங்கில் வெறும் 'சேத்தி வாட்டம்' என்றால் கை நீளம், அதாவது திருட்டு என்ற பொருளும் உண்டு. ஆகவே எழுத்தில் 'இடக்கை வாகு' என்பதே எங்கள் தேர்வு. வாகாக உட்கார், கைக்கு வாகாக இருக்கிறது என்று தினமும் சொல்கிற சொல்தான். ஆளைக் குறிக்க 'இடக்கையர்'. 'இடங்கையர்' என்று மெல்லெழுத்துப் போட்டுவிடக் கூடாது. இடங்கை, வலங்கை என்பவை சாதிகளை இரு அணியாகப் பிரித்த பழைய வழக்கின் பெயர்கள். 1707இல் சென்னையில் பெரும் பூசலே நடந்தது அந்தப் பெயர்களில்தான். இரண்டு கையும் ஒன்றுபோல ஓடுகிறவருக்கு 'இருகையர்'. இடக்கையாலும் அம்பு தொடுத்ததால் அர்ச்சுனனுக்குச் சவ்வியசாசி என்று பெயர். கிரிக்கெட்டின் 'இடக்கை ஆட்டக்காரர்' வேறு கணக்கு. அது மட்டை பிடித்து நிற்கும் பக்கம். டெண்டுல்கர் எழுதுவது இடக்கையால், ஆடியது வலக்கை ஆட்டம்.

பள்ளியில் சேர்க்கும்போது டைரியின் முதல் பக்கத்தில் 'இடக்கைப் பழக்கம் உண்டு' என்று எழுதாதீர்கள், மாற்றச் சொல்வதாக ஆசிரியர் எடுத்துக்கொள்வார். இப்படி எழுதுங்கள்: 'இடக்கை வாகு. பெஞ்சில் இடது ஓரத்தில் உட்காரவைக்கவும், முழங்கை பக்கத்துப் பிள்ளையை இடிக்காது.'