ஹேப்டிக்: தமிழில் என்ன சொல்லலாம்?

பல் மருத்துவம் படிப்பவர்களிடம் இப்போது அடிக்கடி கேட்கிற சொல் 'ஹேப்டிக் சிமுலேட்டர்', அதாவது நிஜப் பல்லைத் தொடாமல் பல் குடைவதைப் பழகும் கணினிக் கருவி. தமிழில் எழுதுபவர்கள் 'தொடு உணர்வுக் கருவி' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். தப்பில்லை, ஆனால் பாதிப் பொருள்தான் வருகிறது. தொடுதிரையையும் தொடத்தான் செய்கிறோம், அது கையை எதிர்த்துத் தள்ளுவதில்லை. இந்தக் கருவி தள்ளும்.

மாணவர் கண்முன் திரையில் ஒரு கடைவாய்ப்பல், முப்பரிமாணத்தில். கையில் பிடித்திருக்கும் ஹேண்ட்பீஸ், அதாவது பல் குடையும் கருவியின் பிடி, ஓர் இயந்திரக் கையோடு இணைந்திருக்கும். திரையில் அதன் குடையும் முனையான பர், பல்லின் மேலடுக்கான எனாமலைத் தொட்டதும் கை நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் வெறும் காற்றுதான், ஆனாலும் நிற்கிறது. குடைந்துகொண்டே போனால் எனாமல் முடிந்து அதன் அடியிலுள்ள டென்டின் தொடங்கும் இடத்தில் சட்டென்று எதிர்ப்பு தளரும். உடம்பிலேயே கடினமான பொருள் எனாமல், கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் சுமார் 5. டென்டின் 3-ஐ ஒட்டி வரும். சொத்தை பிடித்த இடம் அதைவிடவும் மெத்தென்றிருக்கும். இந்த மூன்றையும் விரல் பிரித்துச் சொல்லாவிட்டால் பர் பல்லின் நடுவே நரம்பு இருக்கும் பல்கூழ் வரைக்கும் இறங்கிவிடும். கண்ணை நம்பவைக்க நொடிக்கு 30, 60 படங்கள் போதும், விரல் அப்படி லேசில் நம்பாது, அதற்குக் கணினி நொடிக்கு ஏறத்தாழ 1000 முறை விசையைக் கணக்கிட்டுத் தர வேண்டியிருக்கிறது.

சரி, சொல்லுக்கு வருவோம். கிரேக்கத்தில் 'ஹாப்தெஸ்தாய்' என்றால் தொடுதல், பற்றுதல். அதிலிருந்து வந்தது 'ஹாப்டிகோஸ்'. 1892-ல் ஜெர்மன் உளவியலாளர் மாக்ஸ் டெஸ்வார், ஒளிக்கு ஆப்டிக், ஒலிக்கு அகூஸ்டிக் என்று இருப்பதுபோலத் தொடுபுலன் ஆய்வுக்கு 'ஹாப்டிக்' என்று பெயர் வைத்தார். ரோபோவும் கணினியும் அதை எடுத்துக்கொண்டது பிற்பாடு. பல் மருத்துவக் கல்விக்கு அது வந்து சேர்ந்ததற்கு ஆம்ஸ்டர்டாமின் ஆக்டா பல் மருத்துவக் கல்வி நிறுவனம் பங்கேற்று உருவான சிமோடான்ட், லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஹேப்டெல் ஆகிய இரண்டு சிமுலேட்டர்களையும் சொல்லலாம்.

தமிழில் தொடுபுலனுக்குப் பழைய பெயர் 'ஊறு'. 'சுவைஒளி ஊறுஓசை நாற்றம்' என்று குறளில் படித்திருப்போம். கெடு கேடு ஆவதுபோல, சுடு சூடு ஆவதுபோல, உறு நீண்டு ஊறு ஆனது. அழகான சொல்தான், ஆனால் இன்றைக்கு ஊறு என்றால் தீங்கு என்றுதான் எல்லோருக்கும் படும். பல் மருத்துவக் கருவிக்கு 'ஊறுக் கருவி' என்று பேர் வைத்தால் வாயைத் திறக்க யார் வருவார்கள்?

அதே வேரில் இன்னொன்று இருக்கிறது. தொல்காப்பியம் உயிர்களை அறிவின்படி அடுக்கும்போது 'ஒன்றறி வதுவே உற்றறி வதுவே' என்றுதான் தொடங்குகிறது. புல்லுக்கும் மரத்துக்கும் உள்ள அந்த ஓர் அறிவு உற்றறிவு. உற்று, அதாவது ஒன்றைச் சேர்ந்து, பட்டு, அதனால் அறிவது. தொடுதலோடு நின்றுவிடாமல் அறிதலையும் சேர்த்துச் சொல்கிறது பாருங்கள், எனாமலுக்கும் டென்டினுக்கும் நடுவே மாணவரின் விரல் செய்கிற வேலையே அதுதான். அதனால் ஹேப்டிக் என்பதற்கு 'உற்றறி' என்பதே என் தேர்வு: உற்றறி கருவி, உற்றறி பயிற்சி. கருவி திருப்பித் தள்ளும் விசையை மட்டும் குறிக்க 'எதிர்விசை' போதும்.

மாணவரை மதிப்பிடும்போது, தொடுவதற்கும் உற்றறிவதற்கும் உள்ள இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். எவ்வளவு சொத்தை அகன்றது, எவ்வளவு நல்ல பல் வீணானது என்று கருவி எண்ணாகவே சொல்லிவிடும், ஆசிரியருக்கு ஆசிரியர் மாறாத கணக்கு அது, பெரிய நன்மைதான். ஆனால் அந்த எண் வெட்டிய பள்ளத்தின் அளவு. எதிர்ப்பு தளர்ந்ததை உணர்ந்து மாணவர் கையை நிறுத்தினாரா, திரையில் நிறம் மாறியதைப் பார்த்து நிறுத்தினாரா என்பது அதில் தெரியாது. பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் "எந்த இடத்தில் இளகியது?" என்று கேட்டுப் பார்க்கலாம். உற்றறிந்தவர் உடனே சொல்லிவிடுவார்.