ஐபோனா ஆண்ட்ராய்டா: இருப்பதா, மாறுவதா?

புதுப் போன் வாங்கும் நேரம் வந்தால், பல வருடம் ஐபோன் வைத்திருந்தவருக்கு ஆண்ட்ராய்டு பக்கம் கண் போகும். ஆண்ட்ராய்டு வைத்திருந்தவருக்கு ஐபோன் பக்கம் போகும். மாறலாம், அதில் தவறில்லை. ஆனால் பலரும் கேமரா, திரை, சிப் என்று இரண்டு போன்களை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுத்துவிடுகிறார்கள். பழைய போனோடு எந்தெந்தக் கணக்கும் எந்தெந்தப் பொருளும் பிணைந்து கிடக்கின்றன என்று பார்ப்பதில்லை. வாட்ஸ்அப் உரையாடல் காணவில்லை, வங்கிக் கணக்கில் நுழைய முடியவில்லை, கையில் கட்டிய வாட்ச் வேலை செய்யவில்லை என்று மாறிய பிறகு வரும் புகார்கள் எல்லாம் அந்தப் பிணைப்புகளிலிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில், மாற நினைப்பதற்கு என்ன காரணம் என்று பாருங்கள். போன் மெதுவாகிவிட்டது, சார்ஜ் நிற்பதில்லை என்பதுதான் காரணமா? அப்படியானால் பேட்டரியைச் சோதியுங்கள். ஐபோனில் செட்டிங்ஸுக்குள் பேட்டரி பகுதியில் அதன் அதிகபட்சக் கொள்ளளவு சதவீதமாகத் தெரியும். ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி 500 முழு சார்ஜ் சுழற்சிகளுக்குப் பிறகும், ஐபோன் 15 முதல் வந்தவை 1000 சுழற்சிகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. அதற்குக் கீழே போயிருந்தால் பேட்டரியை மாற்றினாலே போதும், இன்னும் இரண்டு வருடம் ஓடும். அதேபோல், ‘ஐகிளவுட் நிரம்பிவிட்டது’ என்ற எச்சரிக்கையைப் பார்த்து ‘போனே நிரம்பிவிட்டது’ என்று நினைப்பவர்கள் ஏராளம். ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுட் இலவசமாகத் தருவது 5 ஜிபி, கூகுள் தருவது 15 ஜிபி. அந்தப் பக்கம் போனாலும் 15 ஜிபி ஒருநாள் நிரம்பும். கூகுள் ஃபோட்டோஸில் இருந்த வரம்பற்ற இலவச இடம் 2021 ஜூன் 1 முதல் புதிய படங்களுக்குக் கிடையாது.

‘ஆண்ட்ராய்டுக்கு அப்டேட் வராது’ என்ற பழைய காரணமும் இப்போது பாதிதான் உண்மை. 2023-இல் வந்த பிக்சல் 8-க்கும் 2024-இல் வந்த கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு ஆண்டு அப்டேட் உறுதி தரப்பட்டிருக்கிறது. ஐபோன் பக்கம், 2018-இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாடல்களுக்கு 2024-இல் ஐஓஎஸ் 18 கிடைத்தது. ஆனால் ஆண்ட்ராய்டில் ஒரே பிராண்டின் விலை குறைந்த மாடலுக்கும் உயர்ந்த மாடலுக்கும் இந்தக் காலக்கெடு வேறுபடும். பிராண்டைப் பார்த்து நம்பாமல், வாங்கப்போகும் மாடலுக்கு எந்த ஆண்டு வரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்று தயாரிப்பாளரின் பக்கத்தில் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

உங்களைப் பிடித்து வைத்திருப்பது எது

ஒரு தாளை எடுத்து, போனோடு சேர்ந்து இயங்கும் பொருள்களை எழுதுங்கள். இதில் மிகக் கறாரானது வாட்ச். ஆப்பிள் வாட்ச் ஆண்ட்ராய்டோடு இணையவே இணையாது. மறுபக்கமும் அப்படித்தான்: 2021-இல் வந்த கேலக்ஸி வாட்ச் 4 முதற்கொண்டு அந்த வரிசை வாட்ச்கள் ஐபோனோடு இணைவதில்லை, பிக்சல் வாட்சும் இணைவதில்லை. ஏர்பாட்ஸ் ஆண்ட்ராய்டில் சாதாரண ப்ளூடூத் இயர்போனாக வேலை செய்யும். பாட்டு கேட்கலாம், பேசலாம், ஆனால் அதன் ஃபர்ம்வேர் (உள்ளே இயங்கும் மென்பொருள்) அப்டேட்டுக்கு ஆப்பிள் கருவி ஒன்று பக்கத்தில் வேண்டும். தொலைந்த பொருளைத் தேட உதவும் ஏர்டேகை அமைக்க ஐபோனோ ஐபேடோ இல்லாமல் முடியாது.

அடுத்தது பணம் கட்டிய செயலிகள். ஒரு ஸ்டோரில் வாங்கிய செயலி இன்னொரு ஸ்டோருக்கு வராது, மறுபடி வாங்க வேண்டும். மாதச் சந்தாக்களில் இதைவிடக் கவனம் தேவை. ஆப் ஸ்டோர் வழியாகத் தொடங்கிய சந்தாவை ஆப்பிள் கணக்கில் போய்த்தான் நிறுத்த முடியும். ப்ளே ஸ்டோர் வழியாகத் தொடங்கியதைக் கூகுள் கணக்கில்தான் நிறுத்த முடியும். செயலியை அழித்தாலோ போனை விற்றாலோ சந்தா நிற்காது, பணம் போய்க்கொண்டே இருக்கும். மாறுவதற்கு முன் இரண்டு இடத்திலும் சந்தாப் பட்டியலைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

ஆப்பிள் வாட்ச், மேக் கணினி, குடும்பத்தோடு பகிர்ந்த ஐகிளவுட் இடம் என மூன்றும் இருந்தால், பெரிய காரணம் இல்லாமல் மாற வேண்டாம் என்றே சொல்வோம். ஜிமெயில், கூகுள் ஃபோட்டோஸ், குரோம், வாட்ஸ்அப் இவைதான் உங்கள் போன் என்றால், எந்தப் பக்கம் போனாலும் அன்றாட வாழ்க்கை மாறாது. உங்களுக்கு ஒரு பிற்பகல் நேரம் செலவாகும், அவ்வளவுதான்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் தயங்க வேண்டியதில்லை. ஐபோனில் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் ஐஓஎஸ் 7 காலத்திலிருந்தே உள்ளிருப்பாக வருகின்றன. கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகை இரண்டு பக்கமும் கிடைக்கிறது. ஆனால் விசைப்பலகை இத்தனை நாள் உங்களிடம் கற்றுக்கொண்ட சொற்கள் புதுப் போனுக்கு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வாட்ஸ்அப்: வரிசை தவறினால் வம்பு

மாறுபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் தன் பேக்கப்பைக் கூகுள் கணக்கில் வைக்கிறது. ஐபோன் வாட்ஸ்அப் ஐகிளவுடில் வைக்கிறது. ஒன்றின் பேக்கப்பை மற்றொன்று படிக்காது. ‘பேக்கப் இருக்கிறதே, புதுப் போனில் இறக்கிக்கொள்ளலாம்’ என்று பழைய போனை அழித்தவருக்கு, உரையாடல்களைப் புதுப் போனில் கொண்டுவர நேர்வழி இல்லாமல் போகிறது.

போனிலிருந்து போனுக்கு நேரடியாக மாற்றுவதே சரியான வழி. அதற்குப் புதுப் போன் புத்தம் புதிதாகவோ, எல்லாவற்றையும் அழித்து ஃபேக்டரி ரீசெட் செய்யப்பட்டதாகவோ இருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகும்போது ‘மூவ் டு ஐஓஎஸ்’ செயலியை ஆண்ட்ராய்டில் நிறுவுங்கள். ஐபோனின் தொடக்க அமைப்பில் ஆண்ட்ராய்டிலிருந்து தரவு கொண்டுவரும் தேர்வைத் தொட்டால் ஓர் எண் தோன்றும். அதை ஆண்ட்ராய்டில் இட்டு, பட்டியலில் வாட்ஸ்அப்பையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு என்றால் கேபிள் வேண்டும்: ஐபோன் 14 வரை லைட்னிங்கிலிருந்து யுஎஸ்பி-சிக்கு, ஐபோன் 15 முதல் இருபுறமும் யுஎஸ்பி-சி. தொடக்க அமைப்பின்போது புதுப் போன் காட்டும் கியூஆர் குறியை ஐபோன் கேமராவில் ஸ்கேன் செய்தால், வாட்ஸ்அப்பின் சாட்ஸ் பகுதியிலுள்ள மாற்றும் பக்கம் திறக்கும்.

பலர் அவசரத்தில் தொடக்க அமைப்பைத் தாண்டிவிட்டு, புதுப் போனில் வாட்ஸ்அப்பை நிறுவி, எண்ணைப் பதிந்து, நாலு நாள் பயன்படுத்திவிட்டுப் பிறகு பழைய உரையாடலைத் தேடுகிறார்கள். அப்போது புதுப் போனை மறுபடி ரீசெட் செய்ய வேண்டியிருக்கும். அந்த நாலு நாள் உரையாடல் போய்விடும். பழைய போனில் வாட்ஸ்அப்பை அழிக்காமல் வைத்திருந்தால் பழையவை அங்கேயே இருக்கும், இன்னொரு முறை முயலலாம். அழைப்புப் பட்டியல் எப்படியும் வராது.

மூவ் டு ஐஓஎஸ் பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். ஐபோன் ஒரு தற்காலிக வைஃபை வலையை உருவாக்கி ஆண்ட்ராய்டை அதில் சேர்க்கிறது. அந்த வலையில் இணையம் இல்லை என்று கண்டதும் ஆண்ட்ராய்டு தானாக மொபைல் டேட்டாவுக்கோ வீட்டு வைஃபைக்கோ தாவிவிடுகிறது. மொபைல் டேட்டாவை அணைத்து, வலையைத் தானாக மாற்றும் வசதியையும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். இரண்டு போனையும் சார்ஜரில் போடுங்கள். செயலியை விட்டு வெளியே வராதீர்கள். இடையில் அழைப்பு வந்தாலும் எடுக்காதீர்கள். ஆண்ட்ராய்டு திரையில் ‘முடிந்தது’ என்று வந்த பிறகும் ஐபோனில் பட்டை ஓடிக்கொண்டிருக்கும். அது முடியும்வரை இரண்டையும் தொடக் கூடாது. மெமரி கார்டில் உள்ளதையும் சேர்த்து எல்லாம் ஐபோனில் அடங்குமா என்று முதலிலேயே பாருங்கள். பாட்டு, பிடிஎஃப் கோப்புகளைத் தனியாக நகலெடுக்க வேண்டும்.

படங்கள்

ஐபோனில் ‘ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்’ இயக்கத்தில் இருந்தால், போனில் இருப்பவற்றில் பல சிறு நகல்கள்தான். மூலப்படங்கள் ஐகிளவுடில் இருக்கும். கேபிளில் மாற்றும்போது ஐகிளவுடில் மட்டும் இருப்பவை வருவதில்லை. ஐபோன் கேலரியில் எல்லாம் தெரிவதால் எல்லாம் வந்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம். மாற்றத்துக்குப் பிறகு எண்ணிக்கையை ஒப்பிட்டால்தான் இடைவெளி தெரியும். ஐபோனில் ஃபோட்டோஸ் செயலியே படம், வீடியோ எண்ணிக்கையைக் காட்டும். அதைக் குறித்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

இதற்கு ஆப்பிளின் தரவு மற்றும் தனியுரிமைப் பக்கத்தில் ஒரு நல்ல வழி இருக்கிறது. ஐகிளவுட் படங்களின் நகலைக் கூகுள் ஃபோட்டோஸுக்கு அனுப்பச் சொல்லலாம். 3 முதல் 7 நாள் ஆகும். கூகுள் கணக்கில் போதிய இடம் இருக்க வேண்டும். மூலப்படங்கள் ஐகிளவுடில் அப்படியே இருக்கும். லைவ் ஃபோட்டோக்களும் பகிர்ந்த ஆல்பங்களும் வராமல் போகலாம். எதிர்த்திசையில், கூகுள் ஃபோட்டோஸிலிருந்து ஐகிளவுடுக்கு அனுப்பும் வசதி 2024 ஜூலையில் வந்தது. அது, கூகுளில் உள்ள தரவை வெளியே எடுக்க உதவும் கூகுள் டேக்அவுட் பக்கத்தில் இருக்கிறது.

ஐபோனில் கூகுள் ஃபோட்டோஸ் செயலியை வைத்து மெதுவாக ஏற்றுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இடம் காலி செய்வதற்காக அந்தச் செயலிக்குள் ஒரு படத்தை அழித்தால், ஐகிளவுட் ஃபோட்டோஸ் இயக்கத்தில் இருக்கும்போது அங்கிருந்தும் அது அழியும்.

எண்களும் கடவுச்சொற்களும்

ஐபோனில் கூகுள் கணக்கைச் சேர்த்துவிட்டால் தொடர்பு எண்கள் எல்லாம் கூகுளுக்குப் போய்விடும் என்பது தவறான நம்பிக்கை. ஐகிளவுடில் ஏற்கெனவே இருப்பவை அங்கேயே இருக்கும். ஐகிளவுட் இணையப் பக்கத்தில் அவற்றை விகார்டு என்ற தொடர்பு எண் கோப்பாக இறக்கி, கூகுள் காண்டாக்ட்ஸ் பக்கத்தில் ஏற்றுங்கள்.

கடவுச்சொற்களை இரண்டு பக்கமும் சிஎஸ்வி என்ற எளிய பட்டியல் கோப்பாக எடுக்க முடியும். அந்தக் கோப்பில் பூட்டு எதுவும் இல்லை. திறப்பவர் யாராயினும் அத்தனை கடவுச்சொல்லும் கண்ணில் படும். ஏற்றி முடித்தவுடன் அதை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பவே கூடாது. கடவுச்சொல்லுக்குப் பதிலாக விரல்ரேகை, முகம் அல்லது திரைப் பூட்டால் நுழைய உதவும் பாஸ்கீகள் சிஎஸ்வி கோப்பில் வராது. முக்கியமான ஒவ்வொரு கணக்கிலும் புதுப் போனில் நுழைந்து, புதிய பாஸ்கீ உருவாக்குங்கள்.

இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக் குறியீடு தரும் செயலிகளைக் கடைசி நிமிடத்துக்கு விடாதீர்கள். கூகுள் ஆதென்டிகேட்டரில் கணக்குகளைக் கியூஆர் குறியாக ஏற்றுமதி செய்யலாம். 2023 முதல் கூகுள் கணக்கோடு ஒத்திசைக்கவும் செய்யலாம். மைக்ரோசாஃப்ட் ஆதென்டிகேட்டரில் ஐபோனில் எடுத்த பேக்கப்பை ஆண்ட்ராய்டில் மீட்க முடியாது, மறுதலையாகவும் முடியாது. அதில் உள்ள கணக்குகளை ஒவ்வொன்றாகப் புதிதாகச் சேர்க்க வேண்டும். வங்கிச் செயலிகளும் கருவியோடும் எண்ணோடும் கட்டப்பட்டவை. புதுப் போனில் புதிதாகப் பதிய வேண்டும், சில வங்கிகள் முதல் சில மணி நேரம் பரிவர்த்தனையைக் கட்டுப்படுத்தும். பெரிய தொகை அனுப்ப வேண்டிய நாளில் போனை மாற்றாதீர்கள்.

ஐபோனை விட்டு வருபவர்களுக்கு மட்டும்

சிம்மைக் கழற்றும் முன் மெசேஜஸ் அமைப்பில் ஐமெசேஜையும் (ஆப்பிள் கருவிகளுக்கிடையே இணையம் வழியே போகும் செய்தி வசதி), ஃபேஸ்டைம் அமைப்பில் ஃபேஸ்டைமையும் அணைத்துவிடுங்கள். அணைக்காமல் வந்தால், ஐபோன் வைத்திருக்கும் நண்பர்கள் அனுப்பும் செய்தி இன்னமும் ஐமெசேஜாகவே போகும். உங்கள் புதுப் போனுக்கு எஸ்எம்எஸ்ஸாக வராது, அவர்களுக்கும் வராதது தெரியாது. போன் கைவிட்டுப் போயிருந்தாலும் வழி உண்டு: ஆப்பிளின் ஐமெசேஜ் பதிவு நீக்கப் பக்கத்தில் எண்ணைக் கொடுத்தால் ஆறு இலக்கக் குறியீடு வரும், அதை இட்டால் நீங்கிவிடும்.

ஆப்பிள் கணக்கின் நம்பகமான கருவியாக (சரிபார்ப்புக் குறியீடு வந்து சேரும் கருவியாக) அந்த ஐபோன் ஒன்றுதான் இருக்கிறதா? அழிக்கும் முன் கணக்கில் இன்னொரு நம்பகமான எண்ணைச் சேர்த்துவிடுங்கள். ஐகிளவுடில் மிச்சமிருக்கும் படத்தையோ குறிப்பையோ பிறகு எடுக்க அந்த எண்ணுக்கு வரும் குறியீடு தேவைப்படும்.

பழைய போனைக் குறைந்தது ஒரு மாதமாவது அழிக்காமல், சார்ஜ் போட்டு வைத்திருங்கள். வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் திறக்கும் ஏதோ ஒரு கணக்கு அந்த ஒரு மாதத்துக்குள் குறியீடு கேட்டு நிற்க வாய்ப்புண்டு. விற்கும் நாள் வந்ததும், ஐபோனாக இருந்தால் முதலில் ஆப்பிள் வாட்சை வாட்ச் செயலியிலிருந்து பிரியுங்கள், ஏர்டேகை ஃபைண்ட் மை செயலியிலிருந்து நீக்குங்கள், பிறகு ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, கடைசியாக அழியுங்கள். வெளியேறாமல் விட்டால் ஆக்டிவேஷன் லாக் விழுந்து, வாங்கியவரால் போனைத் திறக்க முடியாது. ஆண்ட்ராய்டிலும் இதே பூட்டு உண்டு. கூகுள் கணக்கை செட்டிங்ஸில் நீக்கிய பிறகே ரீசெட் செய்ய வேண்டும். அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இயங்கும் இசிம் பயன்படுத்துபவர்கள் அது புதுப் போனில் இயங்குகிறதா என்று ஓர் அழைப்பு செய்து பார்த்த பிறகே பழையதிலிருந்து நீக்குங்கள்.